முதுநகரில் ஒரு போர்க்காலப் பைனாகுலர்

கடலூர்த் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நின்று நான் பார்த்ததில்லை. அது நங்கூரத் துறைமுகம். கப்பல் கடலிலேயே தள்ளி நிற்கும். முதுநகரிலிருந்து படகுகள் முகத்துவாரம் வழியாகப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கிக்கொண்டு வரும். ஆகையால் முதுநகரில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்களுக்குக் கண் முக்கியம். வந்திருப்பது எந்தக் கப்பல், என்ன கொடி ஏற்றியிருக்கிறது, இந்த அலையில் படகு அனுப்பலாமா கூடாதா, எல்லாவற்றையும் கரையில் நின்றே பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படி ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த பெரியவர் ஒருவர், 1950-களின் நடுவில் சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பெரிய பைனாகுலர் வாங்கினார். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோகும் முன் அங்கே போனவர்களுக்குத் தெரியும், யுத்த மிச்சம் என்று சொல்லி எதையும் விற்பார்கள். தண்ணீர்க் குப்பி, கித்தான் பை, திசைகாட்டி, லென்ஸ். பெரியவர் என்ன விலை கொடுத்தார் என்பதை வீட்டில் கடைசி வரை சொல்லவில்லையாம். அவர் மகன் என் நண்பர். இருவருமே இப்போது இல்லை. பைனாகுலர் மருமகளின் பீரோ மேல்தட்டில் இருந்தது.

சென்ற பங்குனியில் அந்த அம்மாள் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, இத வாங்கிக்கறேன்னு ரெண்டு பேரு வந்துட்டாங்க. ஒருத்தரு ஆயிரத்து ஐநூறுங்கறாரு. இன்னொருத்தரு நாப்பது லட்சம் போகும்ங்கறாரு. நான் யார நம்பறது?"

ஆயிரத்து ஐநூறு என்றவர் பழைய பித்தளை, தாமிரம் வாங்குகிறவர். நாற்பது லட்சம் என்றவர் ஒரு தரகர். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் வைத்திருந்த 'வைடு ஃபீல்டு' பைனாகுலர் இது, உலகத்திலேயே சில தான் மிச்சம், வெளிநாட்டு ஆள் ரெடியாக இருக்கிறார், சோதனைச் சான்றிதழுக்கு மட்டும் இருபத்தைந்தாயிரம் முன்பணம் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் இரிடியம், கோபுரக் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று எத்தனை கதை கேட்டிருக்கிறோம். அதே பாட்டுத்தான், ராகம் வேறு. ஆனால் அந்த அம்மாள் வளையலைக் கொண்டுபோய் வைப்பதற்குத் தேதி பார்த்துவிட்டார். பேரன் பத்தாவது முடித்துவிட்டான், மேலே படிக்க வைக்க வேண்டும். நாற்பது லட்சம் என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதை வெளியே அனுப்புவது எளிதல்ல.

நான் சிதம்பரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். லென்ஸ் என்றால் கொஞ்சம் பைத்தியம் உண்டு. "எதுவும் கட்டாதீங்கம்மா, ஒரு வாரம் என்கிட்ட குடுங்க" என்று சொல்லி வாங்கிவந்தேன்.

முதலில் எழுத்துகள். பழைய பைனாகுலரைக் கையில் எடுத்தால் கண்ணில் வைக்கும் முன் அதன் தோள்பட்டையைப் படிக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் 'ஆர்.இ.எல். கனடா 1944' என்று வெட்டியிருந்தது. மறுபக்கம் 'சி.ஜி.பி. 40 எம்.ஏ. 7×50'. ஒரு வரிசை எண். பக்கத்தில் 'சி' என்ற ஆங்கில எழுத்தும் அதற்குள் ஓர் அம்புக்குறியும். ஜெர்மன் கேப்டன் அங்கேயே கடலில் இறங்கிவிட்டார். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கான முத்திரை. அதைச் சுற்றி 'சி' இருந்தால் கனடா அரசாங்கத்துச் சொத்து. ஆர்.இ.எல். என்பது ரிசர்ச் எண்டர்பிரைசஸ் லிமிடெட். 1940-ல் கனடா அரசு டொரொண்டோவை ஒட்டிய லீசைடில் தொடங்கிய யுத்தத் தொழிற்சாலை. ரேடாரும் செய்தார்கள், கண்ணாடியும் உருக்கினார்கள். பெண்கள் நிறையப் பேர் அங்கே லென்ஸ் தேய்த்தார்கள். யுத்தம் முடிந்த மறுவருஷமே மூடிவிட்டார்கள். இந்த மாதிரிப் பைனாகுலர்கள் ஆயிரக்கணக்கில் வந்தவை, அபூர்வம் அல்ல.

கனடா ஏன் கண்ணாடி உருக்கப் போனது என்பதற்கு முதல் உலகப் போரின் பாடம் ஒன்று உண்டு. நல்ல பைனாகுலருக்கு நல்ல கண்ணாடி வேண்டும். 1884-ல் ஓட்டோ ஷாட் என்பவர் ஜெர்மனியின் யேனா ஊரில் லென்ஸ் கண்ணாடி உருக்க ஆரம்பித்தார். அதே ஊரில் எர்ன்ஸ்ட் அபேயும் ஸைஸ் கம்பெனியும். 1854-லேயே போரோ என்ற இத்தாலியர் இரண்டு பிரிசங்களை வைத்துப் பிம்பத்தை நிமிர்த்தக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குத் தக்க கண்ணாடி கிடைக்க நாற்பது வருஷம் ஆயிற்று. 1894-ல் ஸைஸ் பைனாகுலர் கடைக்கு வந்தது. உலகம் அதையே வாங்கியது, பிரிட்டிஷாரும் வாங்கினார்கள். 1914 ஆகஸ்டில் சண்டை மூண்டதும்தான் விழித்துக்கொண்டார்கள், கண்ணாடி எதிரி நாட்டில் இருக்கிறது என்று. 1880-களில் சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்த லார்டு ராபர்ட்ஸ், அப்போது எண்பதைத் தாண்டிய கிழவர், வீட்டிலிருக்கும் பைனாகுலர்களைப் படைக்குக் கடனாகக் கொடுங்கள் என்று பிரிட்டிஷ் மக்களிடம் வேண்டுகோள் விட்டார். குதிரைப் பந்தயத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் வைத்திருந்ததையெல்லாம் ஜனங்கள் அனுப்பினார்கள். அதே செப்டம்பர் 22-ஆம் தேதி இரவில்தான் எம்டன் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. அந்தப் பெயர் இன்னும் நம் வாயில் இருக்கிறது. சாமர்த்தியக்காரனை 'எம்டன்' என்று சொல்லாத வீடு உண்டா? அடுத்த யுத்தம் வந்தபோது அந்த ஞாபகம்தான் டொரொண்டோவில் உலை மூட்டியது.

(நம் நாடும் இதே பாடத்தைப் பிறகு படித்தது. 1830-ல் கல்கத்தாவில் தொடங்கிய கணிதக் கருவிகள் அலுவலகம் 1957-ல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆயிற்று. ஆனால் லென்ஸ் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை இங்கேயே உருக்கிக் காட்டியது யாதவ்பூரில் உள்ள கண்ணாடி ஆராய்ச்சி நிலையம், ஆத்மா ராம் தலைமையில். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

இரண்டாவது, 'வைடு ஃபீல்டு' என்ற சொல். தரகர் அதைச் சொல்லித்தான் லட்சங்களை ஏற்றினார். ஆகையால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பைனாகுலரில் புலம் என்பது இரண்டு வகை. ஊரில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது ஒன்று. கண்ணுக்கு அந்த வட்டம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பது மற்றொன்று. முதலாவதை என் மொட்டை மாடியிலிருந்தே அளந்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடராஜர் கோயில் கிழக்குக் கோபுரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கோபுரங்கள் சுமார் 140 அடி உயரம், அதாவது 42 மீட்டர் சொச்சம். பைனாகுலர் வட்டத்துக்குள் கோபுரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று தடவை அடுக்கலாம் போலிருந்தது. மூன்றாவதன் கலசம் வட்டத்தின் விளிம்பில் இடித்தது. ஆயிரம் மீட்டரில் 120 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால் 7 டிகிரி. பதினான்கு பௌர்ணமி நிலாக்களை வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. ஊரைப் பார்க்க, கடலைப் பார்க்க, வானத்தைப் பார்க்க அது தாராளம்.

ஆனால் இரண்டாவது கணக்கில் இது அகலப் பைனாகுலர் ஆகாது. ஏழு டிகிரியை ஏழு மடங்கு பெரிதாக்கினால் கண்ணுக்குத் தோன்றும் வட்டம் 50 டிகிரிக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்துச் சாதாரண அளவு அது. நிஜமான அகலப் புலத்துக்குக் கண் பக்கத்தில் வேறு மாதிரி லென்ஸ் கூட்டு வேண்டும். ஸைஸில் இருந்த எர்ஃபிளே 1917-ல் வடிவமைத்ததுதான் அதற்கு வழி திறந்தது. அப்படிப்பட்ட பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் ஜன்னல் வழியே பார்க்கிற உணர்வு போய், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய மாதிரி இருக்கும். இது ஜன்னல்தான். பெரிய, வெளிச்சமான ஜன்னல்.

வெளிச்சம் என்றேனே, அதிலும் ஒரு விஷயம் உண்டு, நம் வயதுக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது. 7×50 என்றால் முகப்பு லென்ஸ் 50 மில்லிமீட்டர், பெருக்கம் ஏழு. ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழு மில்லிமீட்டர் சொச்சம். கண் பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருட்டில் காவல் நிற்கும் இருபது வயது மாலுமியின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் விரியும். அவனுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை இது. எழுபது வயதில் நம் கண்மணி இருட்டில் ஐந்து மில்லிமீட்டர் விரிந்தாலே பெரிது. மீதி ஒளி நம் கருவிழி மேலேயே பட்டு வீணாகிவிடும். ஐந்தை ஏழால் பெருக்குங்கள்: முப்பத்தைந்து. நாம் இந்த ஒன்றேகால் கிலோவைத் தூக்கினாலும் நமக்குக் கிடைப்பது 35 மில்லிமீட்டர் பைனாகுலரின் வெளிச்சம்தான். என் இடது கண்ணில் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்திருக்கிறது, வலது கண் இன்னும் பழசு. பைனாகுலரின் இரண்டு பக்கமும் ஒரே நிறம் காட்டுகிறதா என்று பார்க்கும்போது அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வலது பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் குற்றம் கண்ணாடியிலா கண்ணிலா? பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து, இடது குழலை வலது கண்ணில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் என் கண்ணோடேயே வந்தது.

மூன்றாவது, உள்ளே பார்ப்பது. முகப்புப் பக்கமிருந்து டார்ச் அடித்துக் கண் பக்கமாகப் பார்த்தால் உள்ளே இருக்கும் வியாதியெல்லாம் தெரியும். வலது குழலில் பிரிசத்தின் மேல் மரவேர் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள். பூஞ்சை. காரணம் கேட்டால் அந்த அம்மாளே சொன்னார்: 2011 டிசம்பர் 30, தானே புயல். ஓடு பறந்து பீரோ நனைந்தது. துணிகளை உலர்த்தினார்கள், பைனாகுலரை யாரும் நினைக்கவில்லை. தோல் பெட்டிக்குள் ஈரத்தோடு மூடியே கிடந்திருக்கிறது. கடற்கரை ஊரில் லென்ஸுக்குத் தோல் பெட்டியைப் போல எமன் கிடையாது. சுனாமியில் தப்பித்தது பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது.

ஒளிப்பூச்சு விஷயமும் பார்த்தேன். கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் ஒளியில் நூற்றுக்கு நாலைந்து பங்கு திரும்பிப் போய்விடும். இந்த மாதிரி பைனாகுலரில் ஒளி பத்து முகங்களையாவது கடக்க வேண்டும். பூச்சு இல்லை என்றால் கடைசியில் கண்ணுக்கு வருவது நூற்றில் அறுபது சொச்சம். 1935-ல் ஸைஸில் ஸ்மாகுலா என்பவர் கண்டுபிடித்த மெல்லிய பூச்சு இந்த இழப்பைக் குறைத்தது. யுத்த காலத்தில் எதிரணியும் அதைச் செய்ய ஆரம்பித்தது. இதில் உள் லென்ஸில் மட்டும் இளம் ஊதா மின்னியது. வெளி லென்ஸ் வெறும் கண்ணாடி. ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பூச்சு மிருதுவானது. வேட்டி நுனியால் துடைத்தால் துணியோடு வந்துவிடும். யாரும் துடைக்க வேண்டாம்.

நான்காவதுதான் முக்கியமான சோதனை. மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது. இரண்டு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பது.

இந்தச் சிக்கல் பைனாகுலர் பிறந்தபோதே பிறந்தது. 1608-ல் ஹாலந்தில் லிப்பர்ஷே என்ற மூக்குக் கண்ணாடிக்காரர் தொலைநோக்கியைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அந்நாட்டு மன்றம் இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்து கொடு என்று கேட்டது. செய்தும் கொடுத்தார். அதே 1608-ல்தான் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி நம் தேவனாம்பட்டினத்தில் கால் வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். ஆனால் அதற்குப் பிறகு இருநூறு முந்நூறு வருஷம் கடலோடிகள் ஒற்றைக் குழலோடுதான் இருந்தார்கள். இரண்டு குழலை மயிரிழை பிசகாமல் இணையாக வைப்பது அவ்வளவு கஷ்டம். தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-ல் மராட்டியரிடம் வாங்கிய இங்கிலீஷ்காரர்கள், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை எங்களுடையது என்று எழுதி வாங்கினார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அவர்கள் காலத்திலும் ஒற்றைக் குழல்தான்.

அந்த ஒற்றைக் குழல் காலத்தின் பெரிய நாள் ஒன்று இதே கரைக்கு எதிரே நடந்தது. 1783 ஜூன் 20, கடலூர்க் கடற்போர். பிரெஞ்சு அணியில் சுஃப்ரான், 15 போர்க்கப்பல். இங்கிலீஷ் அணியில் ஹியூஸ், 18. சுஃப்ரான் தன் பெரிய கப்பலில் நிற்கவில்லை. கிளியோபாத்ர் என்ற சின்ன வேகக் கப்பலில் ஏறி, வரிசைக்கு வெளியே நின்று சண்டையை நடத்தினார். அது அவருடைய ராஜாவின் உத்தரவு: தளபதி வரிசைக்குள் நின்றால் புகையில் எதுவும் தெரியாது, வெளியே நின்றால்தான் எல்லாக் கப்பலும் கண்ணில் படும், அவர் ஏற்றும் கொடியும் மற்றவர்களுக்குத் தெரியும். இப்போது நாம் 'அகலப் புலம்' என்கிறோமே, அதை அவர்கள் கப்பலை நகர்த்திச் சம்பாதித்தார்கள். சுஃப்ரான் ஜெயித்தார். ஹியூஸ் சென்னைக்குப் போனார். கடலூரை முற்றுகையிட்டிருந்த இங்கிலீஷ் தரைப்படை திண்டாடிப்போனது. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் ஜனவரி 20-ஆம் தேதியே சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது. சேதி வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில், மெடியா என்ற கப்பலில், வெள்ளைக் கொடியோடு. ஐந்து மாதம் முன்பே முடிந்த சண்டைக்காக அத்தனை பேர் செத்தார்கள். அடிவானத்துக்கு அப்பால் நடப்பதை எந்தக் குழலும் காட்டாது.

அடிவானம் என்று சொன்னதும் சோதனைக்கு வருகிறேன். சில்வர் பீச்சை விட நல்ல சோதனைச்சாலை கிடையாது. கிழக்கே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி கடல். காலை ஏழு மணிக்கு ஒரு சுற்றுச்சுவர் மேல் பைனாகுலரை அசையாமல் வைத்தேன். சாதாரணமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஏமாந்துவிடக் கூடாது, இரண்டு படங்கள் கொஞ்சம் பிசகியிருந்தாலும் நம் மூளை கண்தசைகளை இழுத்து ஒட்டவைத்துவிடும். கூலி பிறகு தலைவலியாக வரும். ஆகையால் தலையை மெல்ல ஒரு சாண் பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்போது இரண்டு சின்ன வட்டங்கள் தனித்தனியாகத் தெரியும். இரண்டிலும் அடிவானம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா?

இல்லை. வலது வட்டத்தில் கடல் ஒரு படி மேலே ஏறியிருந்தது. பக்கவாட்டில் பிசகினால் கண் ஓரளவு சமாளிக்கும், மாலைப் பொழுதில் பேப்பர் படிக்கக் கண்ணை உள்பக்கம் திருப்புகிறோமே அந்த மாதிரி. மேல் கீழாகப் பிசகினால் சமாளிக்காது. ஒரு கண்ணை மேலேயும் மற்றதைக் கீழேயும் ஓட்ட மனுஷனுக்குப் பழக்கமில்லை. எப்போதோ கீழே விழுந்து வலது பிரிசம் இடம் பெயர்ந்திருக்கிறது. அந்த அம்மாளின் கணவர் "இத வச்சுப் பாத்தா மண்டய வலிக்குது" என்று சொல்லி மூலையில் போட்டதாகப் பிறகு தெரிந்தது. அவர் கண்ணில் கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் கூடப் போயிருக்கிறார்.

பெரியவர் காலத்தில் இது நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் பத்து மீட்டர் உயர மாடியில் நின்றிருந்தால் அடிவானம் அவருக்குப் பதினோரு கிலோமீட்டர். இருபத்தைந்து மீட்டர் உயரப் பாய்மரக் கம்பம் அதற்கு அப்பாலும், ஏறக்குறைய இருபத்தொன்பது கிலோமீட்டரில், நுனி மட்டும் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். கம்பத்தின் நுனி, பிறகு புகைப்போக்கி, பிறகு உடம்பு. பூமி உருண்டை என்பதை முதுநகர் குமாஸ்தா தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது சோதனை மறுபடியும் சிதம்பரத்தில். கோபுரச் சுதைச் சிற்பங்களை வட்டத்தின் நடுவில் வைத்தால், இடது குழல் இன்றைய சீனப் பைனாகுலர்களை வெட்கப்படுத்தும். துவாரபாலகரின் விரலைக்கூட எண்ணலாம். விளிம்புக்கு நகர்த்தினால் கடைசி ஐந்தில் ஒரு பங்கு குழைந்துவிடுகிறது, நேர்க்கோடு வளைகிறது. வெள்ளை வானத்துக்கு எதிரே கலசத்தின் ஓரத்தில் லேசாக ஊதா. எண்பது வருஷப் பொருளுக்கு இவை குறையே அல்ல. சோதனையைப் பாதியில் விட்டுக் கிளிக்கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1781 ஜூன் 18-ல் ஹைதர் அலியின் ஆட்கள் இந்தக் கோயிலுக்குள் இருந்துகொண்டுதான் ஐர் கூட்டின் படையைத் திருப்பி அனுப்பினார்கள். இந்தச் சமவெளியில் கோபுரத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு யார் வருகிறார்கள் என்பது முன்னாலேயே தெரிந்துவிடும். அவனுக்குப் பைனாகுலர் கூட வேண்டாம்.

இனி விலை. அந்த அம்மாளிடமும் பேரனிடமும் உட்கார்ந்து சொன்னேன். நீர்மூழ்கிக் கப்பல் கிடையாது. ஜெர்மனி கிடையாது. நாற்பது லட்சம் கிடையாது, நாற்பதாயிரமும் கிடையாது. வலது குழல் பூஞ்சையோடும் பிசகோடும் இருக்கிற நிலையில் தெரிந்தவர் யாராவது நாலைந்தாயிரம் கொடுத்தால் நியாயம். பிரித்துத் துடைத்து, குழல்களை இணைவுக்குக் கொண்டுவந்தால் அதைப்போல இரண்டு பங்கு, கூடப்போனால் மூன்று பங்கு. பித்தளைக்காரருக்குக் கொடுத்தால் சுத்தியலால் உடைத்துவிடுவார். தரகருக்குக் கொடுக்க வேண்டியது கதவின் உள்தாழ்ப்பாள்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இவ்ளோதானாண்ணே?" என்றார். நான் வளையலைப் பற்றிக் கேட்டேன். இன்னும் வைக்கவில்லை. "மாமா இத வச்சிக்கிட்டு ஊரையே அதட்டுவாரு" என்று பிறகு அவரே சிரித்தார்.

விற்கவில்லை. சென்னையில் பழைய கேமராக்களைச் சீர்செய்யும் ஒருவரிடம் பேரனே கொண்டுபோனான். பூஞ்சை எடுக்கலாம், ஆனால் அது தின்ற தடம் கண்ணாடியில் கொஞ்சம் நிற்கும் என்று அவர் முன்கூட்டியே சொன்னார்; அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மூவாயிரத்து இருநூறு ரூபாய். ஒரு மாதம் வைத்திருந்து கொடுத்தார். சில்வர் பீச்சில் மறுபடி சோதித்தேன். இரண்டு வட்டத்திலும் கடல் ஒரே மட்டம். தோல் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும், மருந்துக் கடையில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்கிக் கொடுத்தேன். பொட்டலம் ஈரம் குடித்துவிட்டால் மாற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாதம் ஒரு முறையாவது.

வைகாசியில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் போனேன். தெற்கே துறைமுகப் பக்க விளக்குகளின் மங்கல் இருந்தாலும் அதற்கு மேலே தென்சிலுவை நின்றது. நம் ஊர் பதினொன்றே முக்கால் டிகிரி வடக்கில் இருப்பதால், சிலுவையின் அடிநட்சத்திரம் உச்சத்திலும் அடிவானத்துக்கு மேல் பதினைந்து டிகிரிதான் ஏறும். சிலுவையின் உயரம் ஆறு டிகிரி. பைனாகுலரின் வட்டம் ஏழு. நான்கு நட்சத்திரமும் ஒரே வட்டத்தில், சட்டம் போட்ட படம் மாதிரி உட்கார்ந்தன. பையன் ரொம்ப நேரம் கொடுக்கவே இல்லை. பிறகு மேலே, செந்தாரைப் பக்கம், ஒமேகா செந்தாரி. கண்ணுக்கு மங்கலான நட்சத்திரம், பைனாகுலரில் அரிசி மாவைத் தொட்டு வைத்த பொட்டு. வலது குழலில் பூஞ்சைத் தடத்தினால் அது ஒரு சாயல் மங்கல். தெரிந்துகொண்டு பார்த்தால்தான் தெரியும்.

சிலுவைக்குக் கிழக்கே பளிச்சென்று ஆல்பா செந்தாரி. 1689 டிசம்பரில் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், புதுச்சேரியில், ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த ஒரு நட்சத்திரம் உண்மையில் இரண்டு என்று கண்டார். சயாமிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். கையில் பன்னிரண்டு அடி நீளத் தொலைநோக்கி. கதையைச் சொன்னதும் பையன் முழங்கையை மணலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"ஒண்ணுதான் தெரியுது தாத்தா."

ஏழு மடங்குக்கு அது பிரியாது; முப்பது மடங்காவது வேண்டும். சொன்னேன். அவன் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முப்பது மடங்குக்கு எத்தனை அடிக் குழல் வேண்டும், அதை வீட்டிலேயே செய்ய முடியுமா, லென்ஸ் எங்கே கிடைக்கும் என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்டுக்கொண்டே வந்தான்.